அர்த்தனாரியின் கொல்லிமலைக் காலம்

கொல்லிமலை வாழைப்பழத்தின் ருசி வேறெங்கும் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நவீன ஓவியர் அர்த்தனாரிக்கு அதில்தான் மலைக்காய்ச்சல் மருந்தான கொயினாத் தூளைப் பொதிந்து கொடுப்பேன். கசப்பு நாக்கில் பட்டால் துப்பிவிடுவார்.

நான் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பதினோரு வருஷமாக எழுதி வருகிறவன். லண்டனில் அவர் படத்துக்கு முன்னால் துரைமார் தொப்பியைக் கழற்றினார்கள். எதைப் பார்த்துக் கழற்றினோம் என்று அவர்களுக்கும் தெரியாது, அதுதானே நவீனம். அதற்கு நான் நாற்பது பக்கம் விளக்கம் எழுதினேன்.

இந்த மலைக்கு வந்தபின் மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது. படம் முடிந்ததும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட பொன்னாயியைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவள் இடுப்பில் கைவைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, இது பலாமரமுங்களா, இல்ல எங்கூட்டுக்காரரு குப்புறப் படுத்திருக்கறாருங்களா?" என்பாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு கத்தியை எடுத்து வண்ணத்தை முழுக்கச் சுரண்டிவிடுவார். பன்னிரண்டு படங்கள் அப்படிப் போயின. ஒவ்வொன்றுக்கும் நான் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன்.

பொறுத்துக்கொண்டேன். ஆவணி பிறந்ததும், பட்டணத்தில் மாட்டியிருக்கும் பழைய படங்களையும் திருப்பி வாங்கிச் சுரண்டப் போவதாகச் சொன்னார்.

"இருபது வருஷமா ஊரை ஏமாத்திட்டேன்யா. அதையும் உன் புத்தகத்துல எழுதிடு."

சொல்லும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அந்த வாரமே அவருக்கு மலைக்காய்ச்சல் கண்டது. வேளாவேளைக்குப் பழம் கொடுத்தேன், ஒரு வேளை தவறவில்லை. உள்ளே கொயினாவுக்குப் பதில், படத்துணிக்கு அடிப்பூச்சாகப் பூசும் சுண்ணாம்புக்கட்டித் தூள். அதுவும் ஓவியப் பொருள்தான். நாலாம் நாள் பொன்னாயி என்னை ஒரு மாதிரி பார்த்து, "மருந்து நெசமாலுமே குடுக்கறீங்களாங்க?" என்று கேட்டாள். படிக்காதவளுக்கு எதிலும் சந்தேகம். ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். முன்கூட்டித் திட்டம் போட்டேன் என்றும் எழுதாதீர்கள். கலையைக் கலைஞனிடமிருந்து காப்பாற்ற வேண்டிய நிலைமை திடீரென்று வந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு பிழை உறுத்துகிறது. காய்ச்சலில் கண்மூடும்போது "என் படங்கள் வாழும்" என்று அவர் சொன்னதாகப் புத்தகத்தில் இருக்கிறது. உண்மையில் தண்ணீர்தான் கேட்டார். இனித் திருத்த வழியில்லை. அந்தப் பக்கம் ஆடி மாதமே அச்சாகிவிட்டது.