உன் வீட்டை வரை

இல்ல லீசெல், வெளிய வான்னு நான் சொல்லவே இல்ல. ஒரே ஒரு தப்பைத் திருத்தணும், அதுக்குத்தான் வந்தேன். பள்ளிக்கூடத்துக் கக்கூசுல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கற புள்ளைங்க எல்லாம் கோழைங்கன்னு உலகம் பூரா ஒரு கருத்து இருக்கு. உங்க கிளாஸ் டீச்சருக்கு இருக்கு, கேட்ல நிக்கற டென்சியோ அண்ணனுக்கு இருக்கு, மணிலாவுல மேல உக்காந்திருக்கறவங்களுக்கும் இருக்கும். மாபெரும் பிழை. கோழை வீட்டுலயே இருந்துடுவா. நீ யூனிபார்ம் மாட்டி, தலை வாரி, கேட் தாண்டி, கொடி ஏத்தறப்ப நெஞ்சுல கை வச்சுப் பாடி, கிளாஸ்ல உக்காந்து, அதுக்கப்புறம்தானே இங்க வந்தே? பாதி வேலைய முடிச்சுட்டுத்தான் வந்திருக்கே.

நம்ம நாட்டுல கக்கூசுக்கே ஆறுதல் அறைன்னுதானே பேரு, வெளிய போர்டுலயும் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கு. ஆறுதலுக்கு வந்தவள எழுந்து வான்னு எப்படிம்மா கூப்பிடறது?

தண்ணி ஊத்தாத. எதுக்கு ஊத்தறேன்னு தெரியும். அழுற சத்தம் கேக்கக் கூடாது, அதானே? சும்மா அழு, நான் மட்டுந்தான் இருக்கேன். வாளியக் காலி பண்ணிடாத, அவ்வளவுதான். பம்பு இன்னும் சரியா அடிக்க மாட்டேங்குது. எத்தனை தடவ அடிச்சா ஒரு வாளி நிறையும்னு உனக்கே தெரியும்.

யாருடி அது? அடுத்த கட்டடத்துக்குப் போங்க. இது ரிப்பேர். என்ன ரிப்பேரா? நான்தான் ரிப்பேர், போ.

போயிட்டாளுங்க. மிட்டாய் வேணுமா? புதினா மிட்டாய். கதவுக்கு அடியில தள்ளினா இந்தத் தரையில நீ எடுக்க மாட்டே, நானும் எடுக்க மாட்டேன். சரி, நானே தின்னுக்கறேன்.

நீ படத்தக் காட்டினதும் ரோனெல் சொன்னது காதுல விழுந்துச்சு. தெரியும். நான் கிளாஸ் பின்னாடிதானே நின்னுட்டிருந்தேன், கலர் பென்சில் டப்பாவ வச்சுக்கிட்டு. அப்ப நாங்க எல்லாம் உங்க வீட்டுலயா உக்காந்திருக்கோம், செருப்பக் கழட்டணுமான்னான். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவன் கெட்டவன் இல்ல, வாய்தான் கொஞ்சம் முந்திக்கும். புயல்ல கடல் ஏறி வந்தப்ப அவன் மாமா வீட்டு மச்சுல இருந்தான், அதனால அவனுக்கு இந்த விஷயமெல்லாம் வெறும் பாடம். உனக்குப் பாடமில்ல.

தப்பு அந்தத் தாள்லதான். மேலிடத்துல இருந்து எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி குடுத்தாங்க. புயலுக்கப்புறம் பள்ளிக்கூடம் திரும்பற புள்ளைங்க மனசை எப்படிப் பாத்துக்கறதுன்னு. ஒரு டப்பா கலர் பென்சில், ஒரு முதலை பொம்மை, கையில மாட்டிக்கறது. நான் கணக்கு டீச்சர். மனசு பாக்கற வேலைக்குப் படிச்சவங்க யாரும் இந்தத் தீவுக்கு வர மாட்டேன்னதால என்னைப் போட்டாங்க. தாள்ல என்ன போட்டிருந்துச்சுன்னா, முதல் நாள், முதல் வேலை, உன் வீட்டை வரை. எழுதினவங்க வீட்டுக்குக் கூரை இருந்திருக்கும்.

நீ ஒழுங்கா வரைஞ்சே. சொன்னதத்தானே வரைஞ்சே? கரும்பலகை, அதுக்குக் கீழ உங்க பாய், பெஞ்ச ஒண்ணாச் சேத்து உங்க அம்மா படுக்கற இடம், ஜன்னல்ல துணி. உங்கப்பா குறட்டை விடற எடத்துக்கு மேல நம்ம நாட்டு மேப்பு. லூசான்ல இருந்து மிண்டனாவோ வரைக்கும் விட்டுப் போகாம போட்டிருந்தே. போன சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கிளாஸ்தானே உன் வீடு? எட்டுக் குடும்பம் பாயச் சுருட்டிக்கிட்டு கோயிலுக்குப் பின்னால டெண்டுக்குப் போனாங்க. நாங்க அறைய மருந்து போட்டுக் கழுவி, வாசல்ல நல்வரவுன்னு பேனர் கட்டினோம். கொஞ்சமாவது யோசிச்சமா? திரும்பி வர்றதுன்னா முதல்ல போயிருக்கணும்ல?

என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லு.

ஓ. மணிலா அத்தை.

இன்னைக்கேவா? மத்தியானப் படகுலயா? உங்கம்மா என்ன சொன்னாங்க? ஸ்கூல் ஒத்து வரலன்னா போ, அங்க அத்தை குழந்தையப் பாத்துக்கன்னா? உங்கம்மாவத் தப்பு சொல்ல மாட்டேன், டெண்டுல ஒரு வாய் குறைஞ்சாலும் நிம்மதி. அத்தையும் நல்லவங்கதான். ஆனா நீ இப்ப இங்கிருந்து நேரா கேட்டுக்குப் போனா, அப்புறம் நான் உன்னைக் கிறிஸ்துமஸுக்குத்தான் பாப்பேன். அதுவும் பாப்பேனோ என்னவோ. முந்தின புயலுக்குப் போனவளுங்க ஒருத்தியும் திரும்பி வந்து பெஞ்சுல உக்காரல. இதுதான் என் பயம். அதான் முட்டி வலிக்க வலிக்க சோப்புத்தண்ணி டப்பாவக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கேன். முதலையக் கொண்டு வரல, பயப்படாத.

சிரிச்சியா? இல்லையா? சரி.

வேற ரூம் கேக்கலாம். பெரிய மேம்கிட்ட நான் பேசறேன். உன் சம்பகீத்தா கிளாஸ் வேணாம்னா ரோசல் செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்றேன். அங்கயும் குடும்பம் இருந்துச்சு, எங்கதான் இல்ல? ஆனா அது உன் குடும்பம் இல்ல. இல்லன்னா அங்கயே இரு, கரும்பலகைக்குப் பக்கத்துல வேணாம், கதவோரம். எப்ப வேணா எழுந்து இங்க வரலாம், யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா என்னையச் சொல்லு.

வெக்கமா இருக்கா? அதான் சொல்றேன், அதுக்குக் காரணமே இல்ல. நீங்க வரைஞ்சப்ப நானும் பின்னாடி உக்காந்து ஒரு தாள்ல வரைஞ்சேன். என்ன வரைஞ்சேனா? ஒரு இரும்பு பீரோ, ஒரு மடக்குக் கட்டில், சுவத்துல உணர்வுகள் சார்ட். சிரிக்கற மூஞ்சி, அழுற மூஞ்சி இருக்குமே, அதான். வரைஞ்சு முடிச்சு நாலா மடிச்சுப் பையில வச்சுட்டேன். நீ எடுத்துக் காட்டினே. யாரு கோழைன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

தங்கச்சி வீட்டுல இருக்கேன்னு ஊர்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். தங்கச்சி செபூவுல, வேற தீவுல இருக்கா.

உங்கள எல்லாம் டெண்டுக்கு அனுப்பினாங்க. டீச்சரம்மாவும் அந்தச் சார்ட் மாட்டின ஆலோசனை ரூம்லதான் குடியிருக்கான்னு யாருக்கும் தோணல. டென்சியோ அண்ணனுக்கு மட்டும் தெரியும், அவரு வாயத் திறக்க மாட்டாரு. இன்னைக்குப் பேனர் கட்டறேன்னு பெரிய மேம் விடியறதுக்குள்ள வந்து நின்னுட்டாங்க. எனக்கு இங்க வர வழியில்லாம போச்சு. அப்படியே கொடிக்கு ஓடி, அப்படியே உங்க கிளாசுக்கு வந்து, காலையில இருந்து மிட்டாயப் போட்டுப் போட்டுப் பேசிட்டிருக்கேன்.

உனக்கு நேரா ஆணியில ஒரு நீலத் துண்டு தொங்குதா? ஆமா. மேல ஜன்னல் திட்டுல ஒரு தகர டம்ளர் இருக்கும் பாரு. அதுல என் பல்லு பிரஷும் பேஸ்டும் இருக்கு. துண்டும் என்னுது, வாளியும் என்னுது. நேத்து ராத்திரி நான் அடிச்சு நிரப்பினது. அதான் ஊத்தாதன்னேன்.

நீ இருக்கணும்னா இன்னும் இரு. பிரஷ மட்டும் இப்படி நீட்டு.

ம்... தாழ்ப்பாள கொஞ்சம் தூக்கினாத்தான் நகரும். ஆங், அப்படித்தான்.

பேஸ்ட் வச்சே குடுத்துட்டியே.