தையல் படகு ஊறட்டும்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும், மறைந்த நம் அக்காவுடைய கணவரே, மகளே, சகோதர சகோதரிகளே! வணக்கம்.

கடலடி அகழாய்வின் தலைவி, முனைவர் அம்மையார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அவரை அப்படி நம்மில் யார் கூப்பிட்டோம்? படகு கட்டும் பட்டறையில் அவருக்கு ஒரே பெயர்: ‘ஊறட்டும் அக்கா’. அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். மணி அடித்தாலும் இறங்க மாட்டேன்!

கடல் சேற்றுக்கடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தார் அக்கா. ஓரம் நெடுகத் துளைகள். துளைக்குள் கயிற்றின் மிச்சம். ஆணியே இல்லாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பழங்காலப் படகு! “இதுல கரையோரம் போயிருப்பாங்க, கடல் தாண்டவா முடியும்?” என்று கேட்டார்கள். அடியேனும் கேட்டேன். கப்பல் பொறியாளன் இல்லையா, கணக்குப் போட்டு வேறு காட்டினேன். அக்கா வாதாடினாரா? இல்லை. “பேசிட்டே இருந்தா ஆகாது சார், கட்டிப் பாத்துருவோம்” என்றார்.

கட்டினோம். முதல் படகை இறக்கிய அன்று ஆர்வக்கோளாறில் விருந்தினர்களையும் ஏற்றிவிட்டோம். தையல் இடுக்கெல்லாம் தண்ணீர்! நிதி கொடுக்க வந்த பெரிய மனிதர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா மட்டும் வாளியால் இறைத்துக்கொண்டே, “ஊறட்டும் சார், ஊறட்டும்! காஞ்ச கட்டை தண்ணி குடிச்சா உப்பி, இடுக்கைத் தானே அடைச்சுக்கும்” என்றார். அடைத்ததா? அடைத்தது ஐயா! ஆனால் அதைப் பார்க்கச் செருப்புக்காரர் திரும்பி வரவில்லை.

கடல் தாண்டப் போகிற பெரிய படகை இறக்கியபோது அக்கா மருத்துவமனையில் இருந்தார். நான் போனால், உடம்பு எப்படி என்று கேட்கவே விடமாட்டார். “இன்னிக்கு எவ்ளோ தண்ணி?” என்பார். கடைசியாகப் போனபோது, “கணுக்கால் வரைக்கும் இருக்குக்கா” என்றேன். “நேத்து முழங்கால்ல நின்னுச்சே! அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?” என்று சிரித்தார். மறுநாள் விடிந்தபோது அக்கா இல்லை. அழுதேன். அதில் எனக்கென்ன வெட்கம்?

அவர் இல்லாமல் பயணம் வேண்டாம், படகை அவர் நினைவாக அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம் என்று சற்றுமுன் தலைவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தலைவர் அவர்களே, கூடத்தில் வைத்தால் படகு காயும்! காய்ந்தால் இடுக்கு விடும்! அவர் வாழ்நாளெல்லாம் ஊறவைத்ததை நாம் காயப் போடலாமா?

அக்கா படத்துக்குப் பக்கத்தில் நெளிந்த வாளி எதற்கு என்று பலர் பார்க்கிறீர்கள். அது அக்காவின் வாளி. இன்று காலை அவருடைய மகள் அதை எடுத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கப் படகுக்குள் இறங்கினாள். அடிப்பலகையைத் தடவிப் பார்த்தாள். கரையில் நின்ற என்னைக் கூப்பிட்டாள். “மாமா, இறைக்க ஒண்ணுமே இல்ல!”

ஒன்றுமே இல்லை! கேட்டீர்களா?

காற்றுத் திரும்பியதும் புறப்படுவோம். மகள் சுக்கான் பிடிப்பாள். “கணக்குப் போடுற சார் கரையில நின்னு கையாட்டுவாரு” என்று அக்கா எப்போதும் என்னைக் கேலி செய்வார். நியாயம்தான், கப்பல் பொறியாளனுக்கு நீச்சல் தெரியாது. அக்கா, இந்தச் சபை சாட்சி. உங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படகில் முதலில் ஏறப்போகிறவன் நான்தான்!