புதுப் பிரேக் பட்டை பற்றி ராமாமிர்தம் சொன்னது

பெயர் அ. ராமாமிர்தம். வயது நாற்பத்தாறு. பதுளை கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறேன், கடை மாடியிலேயே குடியிருக்கிறேன். 1925ஆம் வருடம் அக்டோபர் மாதம் பதுளை பொலிஸ் நிலையத்தில் நான் இரண்டாவது தடவையாகக் கொடுக்கும் வாக்குமூலம் இது. முதல் தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பட்டறைக்கார ஷுக்ரி என் மோட்டாருக்குப் போட்ட பிரேக் உதவாக்கரை பிரேக், அதனால்தான் என் டிரைவர் வீரய்யா செத்தான் என்று சொன்னேன். நான் முன்கோபி, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். அதை எழுதி வைத்துக்கொண்டு ஷுக்ரியை அடைத்துப் போட்டிருக்கிறார்கள். அது தவறு என்று சொல்லவே இன்று வந்தேன்.

என் மோட்டார் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டிக் கழித்த பழைய மோட்டார். அதன் பின் சக்கரங்களில் இரும்பு உருளையைச் சுற்றித் தோல் பட்டை இருந்தது. மிதியை மிதித்தால் பட்டை உருளையை இறுக்கும், அதுதான் பிரேக். தோல் காய்ந்து வெடிக்காமலிருக்க வீரய்யா அதற்கு விளக்கெண்ணெய் தடவுவான். இறக்கத்தில் அந்தப் பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் ஓயாமல் நச்சரித்ததால், கொழும்பிலிருந்து கல்நார் பட்டை வரவழைத்து ஷுக்ரியைக் கொண்டு மாட்டினேன். மாட்டி முடித்ததும் ஷுக்ரி எங்கள் இருவரிடமும், "இதுக்கு எண்ணெ படவே கூடாது மொதலாளி, பட்டா வழுக்கும்" என்று சொன்னான். அதன் பிறகு ஓட்டிப் பார்த்தோம், மிதித்த இடத்தில் நின்றது. "இதுதாங்க பிரேக்கு, முன்ன இருந்தது பிஞ்ச செருப்பு" என்று வீரய்யா சிரித்தான்.

அதன் பிறகு சரஸ்வதி பூசை வந்தது. பூசையன்று காலை வீரய்யாவை ரயில் ஸ்டேசனுக்குச் சரக்கு எடுக்க அனுப்பினேன். அவன் சம்சாரம் பாக்கியலெட்சுமி, கடைப் பின்னறையில் குடியிருப்பவள், வருடாவருடம் செய்வதுபோல மோட்டாரைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது வண்டிக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கையோடு வெளியே வந்தாள். "ஒரு எடம் விடாம எண்ணெ போட்டுட்டேங்க மொதலாளி. அவரு வந்து குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள். கடையில் ஆட்கள் நின்றதால் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போனேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் விஜயதசமியன்று மலைமேல் எல்ல என்ற ஊரிலிருக்கும் தோட்டக் கடை ஒன்றுக்குத் துணி கொண்டுபோனோம். போகும்போது ஏற்றம், பிரேக்குக்கு வேலையில்லை. துணியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முதல் இறக்கத்திலேயே வீரய்யா மிதியை மிதித்தான், வண்டி நிற்கவில்லை. கைப் பிரேக்கை இழுத்தான், அதுவும் அதே பட்டையைத்தான் இறுக்கும் என்பதால் பயனில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தான், விழவில்லை. சூடேறிய எண்ணெய் வாடை வந்தது. "மொதலாளி, குதிங்க" என்றான். நான் பயத்தில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிரித்து அவன்தான் தள்ளினான். நான் தேயிலைச் செடியில் விழுந்தேன். அவனும் குதித்திருக்கலாம், என்னைத் தள்ளியதில் அவனுக்கு நேரமில்லாமல் போயிற்று. வண்டி வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் போயிற்று.

நேற்று வண்டியை மேலே தூக்கியபோது இன்ஸ்பெக்டர் என்னையும் வரச் சொன்னார். பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். தேயவில்லை, கிழியவில்லை, ஆணி ஒன்றும் கழலவில்லை. முழுக்க எண்ணெய் ஊறிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், விளக்கெண்ணெய். ஷுக்ரியின் பட்டறையில் விளக்கெண்ணெய் கிடையாது. வீரய்யா தெரிந்துகொண்டு தடவமாட்டான். பாக்கியலெட்சுமிக்கு எண்ணெய் படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. புருஷன் பழைய பட்டைக்குத் தடவியதைப் பார்த்தவள், அதையே புதியதற்கும் செய்திருக்கிறாள். அவள்மேல் வழக்கு எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொல்லாமலிருந்தால் ஷுக்ரி சிறைக்குப் போவான், அவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

இன்று காலை நான் பொலிசுக்குப் புறப்பட்டபோது பாக்கியலெட்சுமியும் கூடவே வந்தாள். வழியெல்லாம், "அந்த ஷுக்ரிய மட்டும் விட்டுறாதீங்க மொதலாளி, எம் புருசன கொன்னவன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எதற்காக வந்தேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவது வழக்கம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். பாக்கியலெட்சுமி கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், அதனால் வாசிக்க வேண்டாம் என்று கேட்டு நானே வாங்கிப் படித்தேன். நான் சொன்னது மாறாமல் இருக்கிறது, அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போட்டபின் வெளியே போய் அவளிடம் நானே சொல்ல வேண்டும்.

(ஒப்பம்) அ. ராமாமிர்தம்