பின்னறைக் கதவு

– இது ஹால் மேடம். ஜன்னலைத் தொறந்தா காத்து பிச்சுக்கிட்டுப் போகும். பதினோரு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருது. அவங்க பாத்தா விடமாட்டாங்க.

– காத்து வரும். கூடவே பக்கத்துக் காலி மனையோட மண்ணும் வரும். எதையும் முறைப்படி யோசிக்கணும்.

– ஏங்க, உள்ள வந்து ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள நொட்டையா? இப்ப இருக்கற ஒத்த ரூம்ல ஜன்னலைத் தொறந்தா பக்கத்து வீட்டுக்காரர் முதுகுதான் தெரியுது. அதுவும் சட்டையில்லாம.

– இங்க அந்தப் பேச்சே இல்ல மேடம். எல்லாம் மரியாதைப்பட்ட ஜனங்க. இடது பக்கம் வக்கீல்.

– வக்கீல் இல்ல. கோர்ட்டு நோட்டீஸ் கையெழுத்துப் போட்டு வாங்கறவர். ரெண்டும் வேற.

– சார் நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க. என்ன வேலை பாக்கறீங்க?

– கவர்மெண்ட்.

– அதான பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி இங்க முப்பது வீடு சார். இப்ப நானூறு. ஸ்கூல் வந்தாச்சு, பஸ் வந்தாச்சு.

– நம்பர் வந்துச்சா? கட்டின வரிசைக்கு நம்பர் குடுத்து வச்சிருக்கீங்க. பதினேழுக்குப் பக்கத்துல இருநூத்தி மூணு. பதினேழுன்னே மூணு வீடு. ஒண்ணு தண்ணித் தொட்டிகிட்ட, ஒண்ணு கடிக்கிற நாய் இருக்கற தெருவுல, இன்னொண்ணு எங்கன்னு கடவுளுக்கே தெரியாது.

– கதவு நம்பரை வச்சா குடித்தனம் நடத்தப் போறோம்? இதோட ஏழு வீடு பாத்தாச்சு. ஆறையும் நீங்கதான் தட்டிக் கழிச்சீங்க. பதினோரு வருஷமா கட்டில் மேல உக்காந்து தைக்கறேன், படுக்கற நேரத்துல மெஷினைத் தூக்கிக் கீழ வைக்கறேன். எனக்கு ஒரு தனி ரூம் வேணும், அவ்வளவுதான்.

– அதுக்குன்னே ஒரு பின்னறை இருக்கு மேடம். இந்தக் கதவுதான்.

– அது வேண்டாம். ஈரம் அடிக்கும்.

– தொறக்கவே இல்ல, ஈரம் எப்படித் தெரியும்?

– ஒரு அனுபவம்தான்.

– போன வருஷம் வெள்ளையடிச்சப்ப தொறந்தது, மேடம். நகரமாட்டேங்குது. உள்ள ஏதோ அடைச்சுக்கிட்டிருக்கு. சார், ஒரு கை குடுங்க.

– எனக்கு இடுப்புப் பிடிப்பு.

– காலையில கேஸ் சிலிண்டரை ஒத்தக் கையில தூக்கினப்ப எங்க போச்சு அந்த இடுப்பு?

– விடுங்க மேடம், ஆளைக் கூட்டிட்டு வந்து தொறந்துக்கலாம். வீட்டுல குறையே இல்ல. தெருவுலதான் ஒரு குறை, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ரிஜிஸ்டர் தபால் வரும், சாதாரண லெட்டர் மட்டும் வராது. எதிர்வீட்டுப் பொண்ணுக்கு இண்டர்வியூ லெட்டரே வரல, வேலை போச்சு. தெருவே சேந்து மேலதிகாரிக்குப் புகார் எழுதிருக்கு.

– எழுதிட்டாங்களா? எப்ப?

– மாசம் ஒண்ணாச்சு சார். அதையும் தபால்லதான் போட்டாங்க. போய்ச் சேந்துச்சோ என்னவோ.

– அண்ணே, கொஞ்சம் நகருங்க. கதவுக்கு அடியில ஒரு கவர் நீட்டிக்கிட்டிருக்கு.

– பழைய பேப்பரா இருக்கும், அதை எதுக்குத் தொடறே? வா, போலாம். பஸ்ஸு போயிடும்.

– பழசு இல்லீங்க. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. மேல சிவப்புப் பென்சில்ல எழுதிருக்கு: 'எந்தப் பதினேழு? விசாரித்து முறைப்படி கொடுக்கவும்.' எழுத்து முத்து முத்தா இருக்கு.

– எந்தத் தண்டச்சோறு மேடம் இப்படி எழுதி உள்ள போட்டிருக்கான்?

– ஏங்க, நம்ம வீட்டு உப்பு டப்பா மேல 'உப்பு'ன்னு எழுதி ஒட்டியிருக்கே, அதுவும் இதே எழுத்துதான?

– பின்பக்க ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. ரெண்டு நாளைக்குன்னுதான் போட்டு வச்சேன். நம்பரைச் சரிபண்ணுவாங்க, சரிபண்ணுவாங்கன்னு பாத்தேன்...

– சார் என்ன சொல்றாரு மேடம்? எனக்கு ஒண்ணும் புரியல.

– வீடு பிடிச்சிருக்காம் அண்ணே. சாவியை என் கையில குடுங்க, பதினோரு மணி பார்ட்டியை வரவேண்டாம்னுடுங்க. எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட இவரே போய்ப் பேசுவாரு. தெருவுல மத்தவங்களுக்கு நாளைக்குக் காலையிலேர்ந்து லெட்டர் வரும்னு சொல்லிடுங்க. போஸ்ட்மேன் இந்த ரூமைக் காலி பண்ணாத்தான் நான் மெஷினை உள்ள போட முடியும்.