அலுங்காமல் குலுங்காமல்

நாகரிகம் என்பது அதிர்வைக் குறைக்கும் கலை. என் ஒர்க்‌ஷாப் பலகையில் இதைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். கீழே, பஞ்சரும் ஒட்டப்படும் என்று இருக்கும்.

என் தங்கை வீட்டுக்காரரின் கார் நாகரிகமற்றது. பந்தயத்துக்குப் போகிறவர்போல இன்ஜினை மாற்றிவைத்திருந்தார்; போனதென்னவோ ஆபீசுக்கும் மதுக்கடைக்கும். சிக்னலில் நின்றால் உதறும். முதல் கியரில் தவளைபோல் துள்ளும். தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்குத் தண்டோரா.

"மச்சான், அலுங்காம குலுங்காம ஆபீஸ் போகணும். பண்ணிக் குடு, பின்கண்ணாடியில உன் கடைப் பேரை ஒட்டிக்கிறேன்" என்றார். நாலு பெரிய மனிதர்கள் பழகுகிற இடத்தில் நிற்கும் கண்ணாடி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அன்று மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள்.

"அண்ணே, வண்டியை என்ன வேணா பண்ணு. சத்தத்தை மட்டும் விட்டுடு."

"சத்தத்தை வச்சு என்ன பண்ணப்போற, தாலாட்டா?"

"குடிச்சுட்டு வர்ற அன்னிக்கு, முனையில சத்தம் கேட்டதும் மாடி ரூமுக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். அதுக்கு அரை நிமிஷந்தான் கிடைக்குது."

பொறுமையாகக் கேட்டேன். அரைகுறை வேலை என் பழக்கத்தில் இல்லை என்று விளக்கினேன். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றும் சொன்னேன். அந்த ஆலோசனை இலவசம்.

லேப்டாப்பைச் செருகிப் பெட்ரோல் அளவையும் டைமிங்கையும் திருத்தினேன். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஓட்டம், அந்த ஐடிலை நிலைநிறுத்தினேன். சைலன்சரை மாற்றினேன். ஓடுகிற வண்டியின் பானெட்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். அலை எழவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் குடித்துவிட்டு வாசலில் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். இரண்டு விலா எலும்பு, இடது கை. படியில் விழுந்தாள் என்று உங்களிடம் முதலில் சொன்னதும் நான்தான். வீட்டு மானம் பாருங்கள். அடித்த கை அவருடையது. அவளுக்கு இருந்த அந்த அரை நிமிஷத்தைப் பிடுங்கியவன் நான். தெரிந்தே செய்தேன். ஆனாலும் அந்த ஐடிலைக் கேட்டால் நீங்களே பாராட்டுவீர்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார். வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருந்தார். கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறந்து, "எதுல வந்தே?" என்றாள்.

பஸ்ஸில் என்றேன்.