கொடி அறுத்த வலி

பாடகி: ஹெட்போனைக் கழட்டிட்டேன். இந்த அம்மா பாட்டை நான் பாட மாட்டேன் சார்.

கவிஞர்: டியூன் போட்டவரே சரின்னுட்டாரேம்மா...

பாடகி: அவர் எப்பப் பெத்தாராம்?

கவிஞர்: எந்த வரி உதைக்குது?

பாடகி: எதைச் சொல்ல, எதை விட! 'வலியெல்லாம் தேனாய் இனித்ததம்மா'... தேனா? ஊசி போடாம ஒரு கடைவாய்ப் பல்லைப் புடுங்கிட்டு வாங்க. இனிச்சுதான்னு அப்புறம் பேசலாம்.

கவிஞர்: பாட்டுன்னா கொஞ்சம்...

பாடகி: 'புன்னகையோடு ஈன்றாய்'. நான் எங்க சிரிச்சேன்? எங்க வீட்டுக்காரர் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன். நர்ஸ் காதைப் பொத்திக்கிட்டாங்க.

கவிஞர்: அதைப் பாட்டுல வைக்க முடியுமா?

பாடகி: வைக்காதீங்க! தெய்வம், கோயில், விளக்குன்னு நீங்களே எழுதி நீங்களே அழுதுக்கோங்க. இங்க நான் ஒருத்தி, எட்டு வாரப் பிள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு வந்து, 'உன்னைப் பிரியேன் கண்ணே'ன்னு மைக் முன்னாடி உருகறேன். பால் கட்டிக்கிட்டு வலி உயிர் போகுது.

கவிஞர்: சரிம்மா... தேனை எடுத்துடறேன். புன்னகையும் போகட்டும். மீதியப் பாடிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.

பாடகி: கடைசி வரியும் போகணும். 'கொடியறுத்த நொடியிலே உயிர்வலி கண்டாய்'...

கவிஞர்: அது இருக்கட்டும்.

பாடகி: அதுதான் சார் பெரிய கூத்து! தொப்புள்கொடிய அறுத்தா வலிக்கவே வலிக்காது. நகம் வெட்டற மாதிரி. எனக்கு அறுத்ததே தெரியல. பெத்தவ எவளும் இப்படிச் சொல்ல மாட்டா. எந்தப் புண்ணியவதி சொன்னா உங்களுக்கு?

கவிஞர்: எங்கம்மா.

பாடகி: என்னது?

கவிஞர்: சின்ன வயசுல நான் அடம் புடிச்சா சொல்வாங்க... 'உன் கொடிய அறுக்கறப்ப என் உயிரே போச்சுடா'ன்னு.

பாடகி: அப்ப... அவங்க உங்களைப் பெத்த... ஐயோ, மன்னிச்சுடுங்க சார். எனக்கு வாய் நீளம்.

கவிஞர்: பரவால்லம்மா. எனக்கு முன்னாடியே தெரியும். என் மக பொறந்தப்ப கொடிய அறுத்ததே நான்தான். என் சம்சாரம் கண்ணுகூடச் சிமிட்டல.

பாடகி: தெரிஞ்சுமா இப்படி எழுதினீங்க?

கவிஞர்: நேத்து அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தேனுக்கும் புன்னகைக்கும் சும்மா உக்காந்திருந்தாங்க. இந்த வரி வந்ததும் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'ஆமாடா, அப்படித்தான் வலிச்சுது'ன்னாங்க. இதை எடுத்துட்டா... எனக்குத் தெரியும்கறது அவங்களுக்குத் தெரிஞ்சுடும்மா.