பின்பக்க சீல்

கிரீஸைப் பொறுத்தவரை கஞ்சனைவிட வள்ளல்தான் ஆபத்தானவன். குறைவாக வைத்தால் சக்கரம் முனகும், நாலு பேர் காதில் விழும். அதிகமாக வைத்தால் முனகாது. இதைப் புரிந்துகொண்டால் போதும் இன்ஸ்பெக்டர் ஐயா, மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அந்த டிரெய்லரைக் கடைசியாகப் பார்த்தது என் பட்டறையா என்று கேட்டுப்போகத்தான் வந்தீர்கள். ஆமாம், என் பட்டறைதான். படகு இழுக்கிற டிரெய்லர்களுக்குச் சக்கர வேலை செய்து வயிறு வளர்க்கிறேன். அன்றைக்கு அதை இழுத்து வந்தவன் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் ஒரே தம்பி. உட்காருங்கள். அந்த ஸ்டூலில் எண்ணெய் இல்லை, துடைத்துவிட்டேன்.

என் மகனை ஏரிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். மிதவைச் சட்டை வண்டியிலேயே கிடந்தது. எடுக்க மறந்துவிட்டான். படகு கவிழ்ந்தது. அவனுக்கு நீந்தத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்க, என் காலடியில் உட்கார்ந்து சொன்னான்: "சின்னக் கவனக்குறைவு அண்ணி. யாரும் வேணும்னு செய்யல."

மாமியார் அழுதுகொண்டே தலையாட்டினார். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். அத்தனை பேர் பார்க்கும்போது நான் மட்டும் என்ன செய்வது, நானும் ஆட்டினேன். விசாரணையும் அந்த வார்த்தையோடு முடிந்துபோனது.

அவன் அழுதான், இளைத்துத் துரும்பானான், எங்கள் வீட்டுக்கு ஓடியாடி வேலை செய்தான். "என் தப்பு" என்ற இரண்டு சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன். சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பைத் துடைத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தது. படகை விற்கவில்லை. புது மிதவைச் சட்டைகள் வாங்கி அடுக்கி, ஊரார் பிள்ளைகளை ஏற்றிப்போய் நீச்சல் கற்றுக்கொடுத்தான். எவ்வளவு நல்ல மனுஷன் என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள். வயிறு எரிந்தது ஐயா.

ஏரிக்குப் போகுமுன் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துவான். "அண்ணி, பேரிங்க ஒருதடவ பாத்துடுங்க." அசட்டையான ஆளாக இருந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவன்தான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் ஆகிவிட்டானே.

சக்கரத்தின் பழைய தகர மூடிகளைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் வைத்த புது மூடி போட்டுக்கொடுத்தேன். கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினால், சக்கரத்தைச் சுழல விடுகிற பேரிங்குக்கு நேரே போகும். நல்ல பொருள், பழி அதன் மேல் இல்லை. அளவாக அழுத்தினால் ஏரித் தண்ணீர் உள்ளே வராது. அளவு மீறினால் பின்பக்க சீல், தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம், பிதுங்கிவிடும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு அது தெரியாது. முன்பக்கம் கல்யாணப் பெண் மாதிரி பளபளக்கும். பின்னால் கிரீஸ் வழிந்து, தண்ணீர் ஏறி பேரிங்கை அரித்துக்கொண்டிருக்கும்.

"ஒவ்வொரு தடவையும் நல்லா அடிங்க தம்பி. கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

"எவ்வளவு அடிக்கணும் அண்ணி?"

"உங்க மனசு நிறையற அளவு."

அவன் மனசு நிறையவே இல்லை, பாவம்.

வழியில் நிறுத்திச் சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. அதையும் செய்தான். ஒருநாள் கையை உதறிக்கொண்டே வந்தான். "கொதிக்குது அண்ணி." உள்ளங்கை சிவந்திருந்தது. மருந்து தடவிவிட்டேன். "புது மூடி இல்லையா, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். தானா சரியாயிடும்," என்றேன். தலையாட்டினான். கழற்றிக் கழுவி வேறு பேரிங்கும் சீலும் போட ஒரு மத்தியானம் போதும். நான் போடவில்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. செத்தால் ஊரே கூடி அழும், இன்னும் நல்லவனாகிவிடுவான். அவன் கையால் இன்னொன்று நடக்க வேண்டும். இரண்டாம் முறை யாரும் தலையாட்ட மாட்டார்கள். யாருக்கு நடக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு வேலையும் ஓடாது.

ஏரிச் சரிவில் இறங்கும்போது பேரிங் பொடிந்து சக்கரம் கழன்றது, வண்டியையே முந்திக்கொண்டு ஓடியது. கீழே பேருந்துக்காகத் தையற்காரம்மாவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். என் மகனோடு ஒரே வகுப்பில் படித்தவள். சக்கரம் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டாள். கொழுந்தனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நேற்று உங்கள் நிலையத்துக்கு வந்து அவனைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றான். "அண்ணி மேல ஒண்ணும் இல்ல, அவங்க சொன்னத நான்தான் ஒழுங்கா செய்யலன்னு சொல்லிட்டேன்," என்றான். பிறகு, நான் கேட்காமலே, "என் தப்பு அண்ணி. நம்ம பையன் விஷயத்துலயும் என் தப்புதான்."

காத்திருந்த சொல்லைக் கேட்டுவிட்டேன். இனி அவன் உள்ளே இருக்கத் தேவையில்லை. அவன் ஒரு தவறும் செய்யவில்லை. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வாசலில் யார், தையற்காரம்மாவா? உள்ளே வரச் சொல்லுங்கள். அவளும் பிள்ளை பெற்றவள், பக்குவமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள். அவள் மகள் மேல் எனக்கு என்ன பகை? அது ஒரு சின்னக் கவனக்குறைவு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.